சம்பந்தியின் படகு நடு ஏரியில் சோர்ந்துபோவது தொடர்பாக

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு, தங்கள் வீட்டுக்குப் பெண் கொடுத்தவன் பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் என் மனைவியும் சுகம். அங்கே தாங்களும் சம்பந்தியம்மாவும் மாப்பிள்ளையும் சுகம் என்று என் மகள் போனில் சொன்னாள். சொன்ன வேகத்தைப் பார்த்தால் முழுவதையும் சொன்னதாகத் தெரியவில்லை, இருந்தாலும் சுகம் என்றே எடுத்துக்கொள்கிறேன். தங்கள் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? தாங்கள் மொட்டை மாடிக்கு ஏறிப்போய்க் காற்று வாங்குவதாக மாப்பிள்ளை பேச்சுவாக்கில் சொன்னார். படகை என்னிடம் ஒப்படைக்கும்போது ஒரு படிகூட ஏற முடியவில்லை, அதனால்தான் தருகிறேன் என்றீர்கள். குணமானதில் எனக்குச் சந்தோஷம்தான். சும்மா கேட்டேன்.

போனிலேயே பேசியிருக்கலாமே, எதற்குக் கடிதம் என்று தாங்கள் நினைக்கலாம். போனில் நான் பேசினால் தாங்கள் ஸ்பீக்கரில் போட்டு வீட்டோடு கேட்கிறீர்கள். போன மாதம் நான் ஒரு வார்த்தை சொல்லி முடிப்பதற்குள் பின்னால் யாரோ சிரித்தார்கள். அது டிவி என்று சொன்னீர்கள். டிவியாகவே இருக்கட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். படகோடு சேர்த்துத் தாங்கள் கொடுத்த தங்கள் ஆளை, அதாவது படகு ஓட்டுகிற சரிங்கவை, வேலையிலிருந்து நிறுத்த வேண்டும். படகைக் கைமாற்றிய அன்று தாங்கள் போட்ட ஒரே நிபந்தனை, "ஆளை மட்டும் மாத்திடாதீங்க சம்பந்தி, மாத்தறதா இருந்தா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க" என்பது. அந்த ஒரு வார்த்தையைத்தான் இப்போது கேட்கிறேன். அது கொஞ்சம் நீளமான வார்த்தையாகப் போய்விட்டது, பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தங்கள் ஆளின் சொந்தப் பெயர் என்னவென்று படகுத்துறையில் யாருக்கும் தெரியாது. எதைச் சொன்னாலும் சரிங்க என்பார், அதனால் டிக்கெட் கொடுக்கிறவரிலிருந்து டீக்கடைக்காரர் வரை எல்லாருக்கும் அவர் சரிங்க. எனக்கு முதல் நாளே அது நெருடியது. காலம் முழுக்க ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எதிர்த்துப் பேசுகிறவன் ஸ்டோரிலிருந்து ஒரு ஆணியைக்கூட எடுத்துக்கொண்டு போனதில்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவன் டிபன் பாக்ஸைத்தான் நான் முதலில் திறந்து பார்ப்பேன். பெரும்பாலும் உள்ளே சாப்பாடுதான் இருக்கும், அது வேறு விஷயம்.

வந்த முதல் வாரமே பெட்ரோல் முள் இறங்குகிற வேகம் எனக்குச் சரியாகப் படவில்லை. அதோடு தங்கள் ஆளின் சட்டையில் பெட்ரோல் வாசனை. "என்னப்பா, சட்டையெல்லாம் பெட்ரோல் வாசனை அடிக்குது?" என்று கேட்டேன். "படகுலயே இருக்கேங்க" என்றார். கேட்டவுடனே பதில். பதில் அவ்வளவு தயாராக இருந்தால் அதை எப்போது தயாரித்தார் என்ற கேள்வி வருமா வராதா? நான் டேங்கைத் திறந்து மூடியைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மூடியின் நடுவில் ஒரு சின்னத் துளை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு துளை இருக்கிறது என்றால் நல்ல காரியத்துக்கு இருக்க முடியாது. ஊசி மாதிரி ஒரு குழாயை உள்ளே விட்டு உறிஞ்சினால் மூடியைத் திறக்காமலேயே டேங்கைக் காலி பண்ணிவிடலாம். எத்தனை வருஷமாக இந்த வழி திறந்து கிடந்ததோ, தாங்கள் கவனிக்கவில்லை. குற்றமாகச் சொல்லவில்லை, தாங்கள் எல்லாரையும் நம்புகிற சுபாவம்.

பழைய சைக்கிள் டியூப் ஒன்றை வெட்டி, மூடியின் மேல் இழுத்துப் போர்த்தி, கழுத்தில் கம்பியை இரண்டு சுற்றுச் சுற்றி, கம்பி முனையில் ஈய சீல் அடித்தேன். சீல் அடிக்கிற குறடு என் சொந்தக் குறடு. பிரிவு உபசாரத்தில் எனக்குக் கடிகாரம் கொடுக்க வந்தார்கள், கடிகாரம் வேண்டாம், இந்தக் குறடைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கியது. காலையில் என் கண் முன்னால் சீலை வெட்டிப் பெட்ரோல் ஊற்ற வேண்டியது, உடனே டியூபைப் போர்த்திப் புது சீல் அடிக்க வேண்டியது, இதுதான் ஏற்பாடு. தங்கள் ஆளிடம் சொன்னேன். சரிங்க என்றார். முகத்தில் ஒரு மாறுதலும் இல்லை. பழகிய கை என்று அப்போதே தெரிந்துகொண்டேன்.

அன்று சாயங்காலம் தங்களுக்குப் போன் செய்து, டேங்கை நன்றாக அடைத்துவிட்டேன், இனிமேல் கவலையில்லை என்று சொன்னபோது தாங்கள் என்ன சொன்னீர்கள் என்று நினைவிருக்கிறதா? "மூடிய ரொம்ப இறுக்கிடாதீங்க சம்பந்தி, அது பழைய டேங்கு" என்றீர்கள். போனை வைத்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சம்பந்தி ஏன் மூடியை இறுக்க வேண்டாம் என்கிறார்? இறுக்கினால் யாருக்குக் கஷ்டம்? தங்களைச் சந்தேகப்பட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். கேள்வி தானாக வந்தது, வந்த கேள்வியை வெளியே போ என்று சொல்ல முடியவில்லை. மனைவியிடம் சொன்னேன். "அவர் வருஷக்கணக்கா ஓட்டின படகு, அவருக்குத் தெரியாதா? சொன்னபடி செஞ்சுட்டுப் போங்களேன்" என்றாள். பெண் கொடுத்த இடம் என்றால் அவள் ஒரு சொல் சொல்ல விடமாட்டாள்.

அதற்கு மறுநாளிலிருந்துதான் படகு இந்த மாதிரி செய்ய ஆரம்பித்தது. மறுநாள் என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும். நான் டேங்கைப் பூட்டிய மறுநாளே படகுக்கு நோய் வருகிறது என்றால், பெட்ரோல் எடுக்க முடியாமல் போன யாரோ ஒருவர் பழி வாங்குகிறார் என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லும். அன்று ஒரு பள்ளிக்கூடத்து டீச்சர்கள் கூட்டமாக வந்திருந்தார்கள். கிளம்பும்போது படகு சீறிக்கொண்டுதான் கிளம்பியது, டீச்சர்கள் கைதட்டினார்கள், நானும் ஓட்டுகிறவர் பக்கத்தில் நின்று ஏதோ நானே ஓட்டுகிற மாதிரி சிரித்தேன். கரையோரம் நிற்கிற தண்ணீர்த் தொட்டியைத் தாண்டியதும் இஞ்சின் சத்தம் கம்மியது. மூக்கைத் தூக்கிக்கொண்டு போன படகு மெல்லத் தண்ணீரில் உட்கார்ந்தது. தங்கள் ஆள் விசையை முழுக்கத் தள்ளிப் பார்க்கிறார், சத்தம் ஏறவே இல்லை. மிதிபடகில் வந்த ஒரு கணவன் மனைவி எங்களை முந்திக்கொண்டு போனார்கள். போகும்போது அந்தப் பெண் கையசைத்தாள். பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு டீச்சர், "சார், போர்டுல ஜெட்டுன்னு போட்டிருக்கே, அது இந்தப் படகுதானா?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். மரியாதையாகக் கேட்டதால்தான் எனக்கு வேர்த்துக் கொட்டியது.

முதலில் பாசி என்று நினைத்தோம். இந்தப் படகுக்கு வெளியே விசிறி கிடையாது, அடியில் இருக்கிற சல்லடை வழியாகத் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சி அடித்துத்தான் ஓடுகிறது என்று தாங்கள்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தீர்கள். தங்கள் ஆள் சட்டையைக் கழற்றிவிட்டு அடியில் முங்கி, சல்லடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்துக்கொண்டு வந்தார். "பை மாட்டியிருந்துச்சுங்க" என்றார். பையைத் திருப்பிப் பார்த்தேன். எதிர்க்கரையில் இருக்கிற துணிக்கடைப் பை. எதிர்க்கரையில் யார் படகு வைத்திருக்கிறார் என்று தாங்களே அறிவீர்கள். நம் சவாரி உரிமம் எப்போது போகும் என்று கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான். பையை அவர் போட்டாரா, இவர் உள்ளே கொண்டுபோய் வெளியே கொண்டுவந்தாரா? முங்கினவர் தங்கள் ஆள் ஒருவர்தான், கூடப் போய்ப் பார்க்க எனக்கு நீச்சல் தெரியாது. பையை எடுத்த பிறகும் படகு அதே தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அதே மாதிரி உட்கார்ந்துகொண்டது.

பிறகு மெக்கானிக் வந்தார். வாயைத் திறந்தால் என் அனுபவத்துல என்று ஆரம்பிக்கிற மனிதர். "சத்தம் ஏறி, படகு போகலன்னா பம்ப்புல கோளாறு. சத்தமே ஏறலன்னா இஞ்சின்ல கோளாறு. உங்களுது ரெண்டாவது ரகம்" என்றார். இதைச் சொல்ல அவ்வளவு நேரம் தாடையைத் தடவ வேண்டியதில்லை. பிறகு பெட்ரோல் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றார். நான் முன்னால் நின்று சீலை வெட்டிக் கொடுத்தேன். திறந்து மோந்து பார்த்தார், தண்ணி கலக்கவில்லை என்றார். ப்ளக்கை மாற்றினார். படகை எடுத்தால், சம்பந்தி, அம்பு மாதிரி போகிறது. ஏரியின் கடைசி வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினார். அவர் இருக்கிற வரை அடிக்கடி திறந்து பார்ப்பார் என்பதால் சீல் அடிக்காமல் வைத்திருந்தேன், அவர் தெரு முனை திரும்பியதும் டியூபைப் போர்த்திப் பழையபடி அடித்தேன். அடுத்த சவாரியில் தண்ணீர்த் தொட்டி, பழைய கதை.

இப்படி ஒரு தடவை இல்லை. ப்ளக்குக்கு அப்புறம் பில்டர், பில்டருக்கு அப்புறம் கேபிள், கேபிளுக்கு அப்புறம் இன்னொரு பில்டர். மெக்கானிக் வந்தால் படகு டாக்டரைக் கண்ட குழந்தை மாதிரி ஒழுங்காக இருக்கிறது, அவர் முதுகைத் திருப்பினால் படுத்துக்கொள்கிறது. இதிலிருந்து என்ன தெரிகிறது? போகும்போது அவர்தான் ஏதோ ஒன்றைக் கோளாறாக்கிவிட்டுப் போகிறார். அதற்குக் கூட இருந்து ஒத்தாசை செய்ய ஒரு ஆள் வேண்டும். ஒரு நாள் மெக்கானிக் தங்கள் ஆளைப் பார்த்து, "டீ சாப்பிடலாமா?" என்றார். தங்கள் ஆள் சரிங்க என்றார். இரண்டு பேரும் கடைப்பக்கம் போனார்கள். நான் பின்னாலேயே போய்த் தூண் மறைவில் நின்று கேட்டேன். கால் மணி நேரம் டீயைப் பற்றி மட்டுமே பேசினார்கள். சர்க்கரை கம்மி என்றார் ஒருவர், ஆமாம் என்றார் இன்னொருவர். யாருமே இல்லாத இடத்தில் இரண்டு ஆண்கள் இவ்வளவு நல்லவிதமாகப் பேசுவார்களா? நான் நிற்பது தெரிந்திருக்கிறது.

அப்புறம் டேங்கில் பள்ளம். ஒரு நாள் சீலைச் சரிபார்க்கக் குனிந்தபோது டேங்கின் பக்கத் தகடு உள்ளே ஒடுங்கியிருப்பதைப் பார்த்தேன். நேற்று இல்லாத பள்ளம். சீல் அடித்தது அடித்தபடி இருக்கிறது, பக்கம் மட்டும் ஒடுங்கியிருக்கிறது. திறக்க முடியாத ஆத்திரத்தில் யாரோ உதைத்திருக்கிறார்கள். தங்கள் ஆள் செருப்புப் போடுவதில்லை என்பதால் அவர் துணியால் கறையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவர் குதிகாலைப் பார்வையால் அளந்தேன். பள்ளம் பெரியது, குதிகால் சின்னது. இரண்டு தடவை உதைத்திருக்கலாம். அடுத்த நாள் பெட்ரோல் ஊற்றிய பிறகு பார்த்தால் பள்ளம் லேசாகத் தேறியிருந்தது. உதைத்தவரே பயந்துபோய் உள்ளிருந்து தட்டிச் சரிசெய்திருக்கிறார் என்று முடிவு செய்தேன். உள்ளிருந்து எப்படித் தட்டினார் என்று என் மனைவி கேட்டாள். அதையும் கண்டுபிடிப்பேன் என்று சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்து படகு கிளம்பினால் நான் பயணிகளுக்கு எதிர்ப்புறமாக, தங்கள் ஆளைப் பார்த்தபடி உட்கார ஆரம்பித்தேன். அவர் கை எங்கே போகிறது, கால் எங்கே போகிறது, கண் எங்கே போகிறது. பார்த்துக்கொண்டே இருந்ததில் எனக்குத்தான் தலை சுற்றி வாந்தி வந்தது. அவர் ஒரு கையால் ஓட்டிக்கொண்டே இன்னொரு கையால் என் முதுகைத் தடவிக் கொடுத்து, "தூரமாப் பாருங்க, சரியாப் போயிடும்" என்றார். எதற்காக என்னைத் தூரமாகப் பார்க்கச் சொல்கிறார்?

இந்த நிலையில்தான் உரிமம் புதுப்பிக்கிற அதிகாரி வந்தார். சம்பந்தி, இதைத் தங்களிடம் மறைப்பதில் பயனில்லை. படகு முழுப் பாரத்தோடு கடைசி மிதவை வரை போய், வேகம் குறையாமல் திரும்பி வர வேண்டும். வராவிட்டால் உரிமம் எதிர்க்கரைக்காரருக்கு. வேலையிலிருந்து வந்த பிறகு என்னை யாரும் எதற்கும் தேடியதில்லை. இந்தப் படகு வந்த பிறகுதான் காலையில் எழுந்தால் போக ஓர் இடம் இருக்கிறது, நான் போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க நாலு பேர் இருக்கிறார்கள். தாங்கள் அதை நினைத்துத்தான் படகை எனக்குக் கொடுத்தீர்கள் என்று என் மனைவி சொல்கிறாள். முழங்கால் காரணம் இல்லை என்கிறாள்.

சீட்டுகளில் மணல் மூட்டைகளை அடுக்கி, விதிப்படி ஒவ்வொரு மூட்டைக்கும் மிதவைச் சட்டை மாட்டி, அதிகாரியை முன்னால் உட்கார வைத்துக் கிளம்பினோம். டேங்குக்குப் பரிசோதனை நாள் என்பதால் இரட்டை சீல். போகும்போது பறந்தது. தண்ணீர்த் தொட்டி வந்தது, உட்கார்ந்துவிட்டது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அதிகாரி எழுந்து போய் இஞ்சின் பலகையைத் தூக்கினார். பிறகு, "இது என்னய்யா, டேங்குக் கழுத்தை நெரிச்சு வச்சிருக்கு?" என்றார். பேனாக் கத்தியை எடுத்துக் கம்பியை அறுத்து, டியூபை உரித்து, மூடியைத் திருகினார். டேங்க் ஒரு பெருமூச்சை உள்ளே இழுத்தது பாருங்கள், எனக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒடுங்கியிருந்த தகடு டொங்கென்று தானாக வெளியே வந்தது. அடுத்த நிமிஷம் இஞ்சின் உறுமிக்கொண்டு கிளம்பி, மணல் மூட்டைகளெல்லாம் பின்னால் சாய, கடைசி மிதவையைச் சுற்றிக்கொண்டு வந்துதான் நின்றது.

"பெட்ரோல் வெளிய போகப் போக, அந்த எடத்துக்குக் காத்து உள்ள வரணும். அதுக்குத்தான் மூடியில ஓட்டை. அதை அடைச்சா பெட்ரோல் எப்படிய்யா இஞ்சினுக்கு வரும்?" என்றார் அதிகாரி கரை சேர்ந்ததும். தாங்கள் போனில் சொன்னது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. மூடியை இறுக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னீர்களே, ஏன் என்று சொன்னீர்களா? காற்று என்று ஒரு வார்த்தை கூடச் சொல்லியிருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்குமா? போகட்டும். அதிகாரி அடுத்து, "யாரு கட்டினது இது?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தங்கள் ஆள், "நான்தாங்க. அலை அடிச்சா தண்ணி உள்ள போயிடுமேன்னு கட்டினேன்" என்றார். "ஈய சீலு?" என்று கேட்டார் அதிகாரி. "கெடந்துதுங்க, எடுத்து மாட்டினேன்" என்றார். அதிகாரி என் சட்டைப் பையைப் பார்த்தார். குறடின் இரண்டு பிடியும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. நான் ஏரியைப் பார்த்தேன்.

முடிவாக, படகுக்கு உரிமம் கிடைத்துவிட்டது. தங்கள் ஆளின் ஓட்டுநர் அனுமதிச் சீட்டை நிறுத்தி வைத்துவிட்டார்கள். உரிமத்தில் முதல் பெயர் இன்னும் தங்களுடையதாக இருப்பதால் தாங்கள் எழுத்தில் விளக்கம் கொடுக்கிற வரை அவர் படகை ஓட்டக்கூடாது. அவருக்கு இரண்டு பெண்கள், இரண்டு பேரும் காலேஜில் படிக்கிறார்கள், வேறு வருமானம் கிடையாது. டியூபைக் கட்டியது உரிமையாளர் என்றால் உரிமத்தையே நிறுத்தி, மறுபரிசோதனை வைப்பார்களாம். இதை அலுவலகத்துக் குமாஸ்தா பிறகு சொன்னார்.

இப்போது தங்களையே கேட்கிறேன், இவர் ஏன் இப்படிச் செய்தார்? பெட்ரோல் எடுக்கவில்லை, சரி. டேங்கை உதைக்கவில்லை, அதுவும் சரி. மெக்கானிக்கோடு டீதான் குடித்தார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் செய்யாத ஒன்றைச் செய்தேன் என்று ஒரு மனிதர் எழுந்து நின்று சொல்கிறார் என்றால் உள்ளே எவ்வளவு பெரிய திட்டம் இருக்க வேண்டும்? அன்றே தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஏம்ப்பா அப்படிச் சொன்னே?" "உங்க பேரு வந்தா படகு நின்னுடுங்க." "நின்னா உனக்கென்ன?" "நீங்க எங்க போவீங்க?" என்றார். எனக்குச் சுருக்கென்றது. கோபம்தான் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் வந்து சொன்னபோது என் மனைவி கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு, "ஒரு மனுஷன் உங்களுக்காக நின்னிருக்கான். அதை வாங்கிக்க உங்களுக்கு ஏன் இவ்வளவு கஷ்டம்?" என்றாள். உடனே இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

நன்றாக யோசித்துத்தான் சொல்கிறேன். அதிகாரி முன்னால் கண் இமைக்காமல் பொய் சொல்கிறவர் நாளைக்கு என்னிடம் சொல்லமாட்டார் என்று என்ன நிச்சயம்? அதோடு இப்போது அவரைப் பார்த்தால் எனக்குக் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தினமும் கண்ணை எங்கே வைப்பது என்று தெரியாத ஒருவரோடு ஒரே படகில் எப்படிப் போவது? ஆகவே தாங்கள் மனம் வைத்து, ஆளை மாற்றச் சம்மதம் என்று ஒரு வரி எழுதி அனுப்பவும். வேறு ஒரு ஆளைப் பார்த்து வைத்திருக்கிறேன். எடுத்ததற்கெல்லாம் எதிர்த்துப் பேசுவதாகச் சொல்கிறார்கள்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் ஆசிகள், இரண்டு பேரும் ஒற்றுமையாக, நோய்நொடி இல்லாமல், எங்களுக்கு எதையும் மறைக்காமல் நீண்ட காலம் வாழ வேண்டும். முழங்காலைப் பார்த்துக்கொள்ளவும். மாடிக்கு அடிக்கடி ஏற வேண்டாம், ஏறினால் மாப்பிள்ளையைப் பிடித்துக்கொண்டு ஏறவும்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் மரியாதைக்குரிய உறவை மதிக்கும்,
தங்கள் சம்பந்தி

பின்குறிப்பு: மேலே உள்ள கடிதத்தைத் தபாலில் போடக் கையில் எடுத்துக்கொண்டு படகுத்துறை வழியாகப் போனேன். ஓட்டக்கூடாது என்றுதானே சொல்லியிருக்கிறார்கள், கழுவக்கூடாது என்று சொல்லவில்லை என்று அவர் நம் படகைக் கழுவிக்கொண்டிருந்தார். எதிர்க்கரைக்காரர் வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் டிக்கெட் அறைக்குப் பின்னால் நின்றேன், பழக்கம். "கட்டினது அந்த ஆளுதான்னு ஊருக்கே தெரியும். ஆபீஸ்ல வந்து ஒரு வார்த்தை சொல்லு, உன் சீட்டு அன்னைக்கே வந்துடும். வந்து என் படகை ஓட்டு, உன்னைத் தங்கமா வச்சுக்கறேன்" என்றார் எதிர்க்கரைக்காரர். சரிங்க என்று சொல்லிவிடுவார் என்று நான் சுவரைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன், சம்பந்தி. மனிதர் வாயைத் திறக்கவில்லை. வாளித் தண்ணீரை எடுத்து எதிர்க்கரைக்காரர் கால் நனைகிற மாதிரி ஊற்றிவிட்டு, அந்தப் பக்கம் போய்க் கழுவ ஆரம்பித்தார்.

அலுவலகத்துக்கு எழுத வேண்டிய விளக்கத்தை நானே எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். டியூபைக் கட்டியது நான் என்று என் கையெழுத்தில் இருக்கிறது. கீழே தாங்கள் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும். மறுபரிசோதனை வரை படகு கரையில் நிற்கும், நிற்கட்டும். தபாலை நம்ப முடியவில்லை, அதனால் கடிதத்தையும் விளக்கத்தையும் அவர் கையிலேயே கொடுத்து அனுப்புகிறேன். வேறு யார் கையிலும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. மேலே உள்ளதை அடித்துத் திருத்த நேரமில்லை, பஸ்ஸுக்கு அவசரம். அவர் எதிரில் மட்டும் தயவுசெய்து படிக்க வேண்டாம், மனசு கஷ்டப்படுவார். சாப்பிடுகிறீர்களா என்று கேட்டால் இப்பதான் சாப்பிட்டேன் என்பார், பொய், கேட்காமல் இலையைப் போட்டுவிடுங்கள்.

இன்னொன்று. பழைய பாசத்தில் இங்கேயே இருந்துவிடு என்று அவரை நிறுத்திக்கொள்ளலாம் என்கிற யோசனை தங்களுக்கு வரும். எனக்குத் தங்களைத் தெரியும். கையெழுத்தைப் போட்டு, மறுநாள் முதல் பஸ்ஸிலேயே என் ஆளை என்னிடம் திருப்பி அனுப்பிவிட வேண்டும்.